கிடாவுக்குள் ஒளிந்திருந்த கம்பளி

அந்த ஆட்டின் முதுகில் கை வைத்தேன். கை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நனைந்த கம்பளி, அதற்குக் கீழே இன்னும் நனைந்த கம்பளி, அதற்கும் கீழே வெதுவெதுப்பாக ஏதோ நெளிந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"புழு," என்றார் நாத்தனார், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். "ஈ முட்டை போட்டிருக்கு. அந்தக் கத்திரிய எடுத்துட்டு வா."

நாத்தனார் என் கணவரின் அக்கா. வாழ்நாளில் பாதியைப் பேருந்து ஓட்டிக் கழித்தவர். ஓய்வு பெற்றால் ஊர் ஊராகச் சுற்றப்போவார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவரோ சிங்கப்பூரின் ஓரத்தில், கிராஞ்சியில், ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழையிலையும் வெற்றிலையும் கறிவேப்பிலையும் பயிரிட்டு லிட்டில் இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கினார். ஆடுகள் அவர் திட்டத்தில் இல்லவே இல்லை. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கவென்று செம்மறி வளர்த்த ஓர் இடத்தை மூடிவிட்டார்கள். அங்கிருந்தவர்கள் "கொஞ்ச நாள் வெச்சுக்கிறீங்களா?" என்று கேட்டு ஆறு பெட்டை ஆடுகளை இறக்கிவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. ஆட்டெரு வெற்றிலைக் கொடிக்கு நல்லது என்று நாத்தனாரும் சமாதானமாகிவிட்டார்.

நான் பூன் லேயில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். வாரம் முழுக்கப் பிறர் வாய்க்குள் விளக்கு அடித்துக்கொண்டு நிற்பவள். ஞாயிற்றுக்கிழமையில் கொஞ்சம் பச்சையைப் பார்க்கலாமே என்றுதான் கிராஞ்சிக்குப் போகத் தொடங்கினேன். அன்று பார்த்தது பச்சை அல்ல, புழு.

மூன்று பேர் சேர்ந்து அந்த ஆட்டைப் பிடித்துக் கம்பளி வெட்டினோம். மூன்றாமவர் பாய். லிட்டில் இந்தியாவில் பொத்தான், லேஸ், ஜிப் எல்லாம் விற்கும் தையல் சாமான் கடைக்காரர். ஒரு விருந்துக்கு வாழையிலை வாங்கப் பண்ணைக்கு வந்தவர், ஆடுகளைப் பார்த்ததும் இலையை மறந்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார். அதற்குப் பிறகு வராத ஞாயிறே இல்லை. கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், "எம்பொஞ்சாதி என்னைவிட நல்லா பாப்பா" என்பார்.

நாங்கள் கம்பளி வெட்டிய லட்சணத்தைச் சொல்லக்கூடாது. ஆட்டின் முதுகு படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. வெட்டி முடித்த கம்பளியில் மழைத் தண்ணீரும் மூத்திரமும் சேர்ந்து வந்த நாற்றம் என் தலைமுடியில் இரண்டு நாள் இருந்தது. கட்டையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பாய் சொன்னார்:

"இந்த ஊரு வெயில்ல, இந்த ஊரு மழைல, யாராவது கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு நிப்பாங்களா? முடி ஆடு வேணும்க்கா நமக்கு. வெள்ளாடு மாதிரி வழவழன்னு மேல முடிதான் இருக்கும். வெட்டவே வேணாம்."

"இதுங்கள என்ன செய்றது பாய்? தூக்கியா போட முடியும்?"

"தூக்கிப்போட வேணாம். இதுங்க இப்பிடியே இருக்கட்டும். இதுங்களோட பேரப்பிள்ளைங்களுக்குக் கம்பளி இல்லாம பண்ணிடலாம்."

அந்த ஒரு வாக்கியம் எனக்குள் என்னவோ செய்தது. பல்லில் ஓட்டை விழுந்தால் அடைப்போம்; கோணலாக வளர்ந்தால் கம்பி போட்டு இழுப்போம். எல்லாம் ஒரு வாயோடு முடிந்துபோகும். இங்கே இவர் இன்னும் பிறக்காத ஒன்றின் தோலைப் பற்றி, புதுத் துணி தைக்கக் கொடுப்பவரைப் போலப் பேசுகிறார். பூன் லேக்குத் திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

*

முதல் கிடாவை அடுத்த சாலையில் இருந்த ஒரு பண்ணையில் இரவல் கேட்டு வாங்கினோம். லாரியிலிருந்து அது இறங்கியதும் நான் வாயைப் பிளந்தேன். செம்மறி என்றால் பஞ்சுப் பொதிதான் என் மனத்தில். இதுவோ மான் மாதிரி நின்றது. செம்பழுப்பு உடம்பு, வயிறு முழுக்கக் கறுப்பு, கண்ணுக்கு மேலே இரண்டு கறுப்புக் கோடுகள், தொண்டையிலிருந்து மார்புவரை தாடி போல நீண்ட முடி.

"இது வெள்ளாடுதானே அண்ணி? நம்மள ஏமாத்திட்டாங்க."

"வாலப் பாரு லா," என்றார் நாத்தனார். "கீழ தொங்குது. வெள்ளாட்டு வாலு மேல நிக்கும். இது செம்மறிதான்."

பாய் வாலைப் பார்க்கவில்லை. அதன் வயிற்றுக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் நல்ல பட்டு நாடா வந்து இறங்கினால் அவர் முகம் அப்படித்தான் இருக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் நான் மருத்துவமனையில் எந்த வாயைப் பார்த்தாலும் மனசு கிராஞ்சியில்தான் இருந்தது. குட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அழுக்கு வெள்ளை, வெளிர் பழுப்பு, அங்கங்கே திட்டு. ஒன்றுக்குக்கூடக் கறுப்பு வயிறு இல்லை. பாயின் முகம் தொங்கிப்போனது. வளர வளர இன்னும் மோசம். முடியும் கம்பளியும் கலந்து, பிய்ந்த மெத்தையிலிருந்து பஞ்சு வெளியே வருவது போல இருந்தன. பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், "டீச்சர், ஆட்டுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

"அசிங்கமா இருக்கே அக்கா," என்றார் பாய்.

"அழகுப் போட்டிக்கா அனுப்பப் போறோம்? பொறுங்க பாய்."

குட்டிகளுக்கு ஒரு வயது ஆகும் சமயம். அதில் ஒரு பெட்டைக்குட்டிக்கு மூக்கு மட்டும் வெள்ளையாக இருக்கும். என் இடுப்பில் முட்டிக்கொண்டே இருப்பாள். அவள் விலாவில் தொங்கிய ஒரு கொத்துக் கம்பளியைச் சும்மா பிடித்தேன். கையோடு வந்துவிட்டது. வலிக்குமோ என்று பயந்து அவளைப் பார்த்தேன். அவள் புல்லை மென்றுகொண்டிருந்தாள். இன்னொரு கொத்து இழுத்தேன். அதுவும் வந்தது. அதற்கடியில் குட்டையான பளபளப்பான முடி, உடம்போடு ஒட்டிப் படிந்து கிடந்தது.

"அண்ணி! உதிருது! அண்ணி, தானா உதிருது!"

வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவிலிருந்து நாத்தனார் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அவரும் ஒரு கொத்தைப் பிடுங்கினார். பாய் எதிர்ப்பக்கம் நின்று பிடுங்கினார். சட்டையெல்லாம் பஞ்சு ஒட்ட, மூன்று பேரும் அந்த ஆட்டைச் சுற்றி நின்றுகொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். கத்திரி இல்லை, பிடித்து அமுக்குவது இல்லை. ஆடு தானே தன் கம்பளியைக் கழற்றிப் போடுகிறது. முதல் தலைமுறையிலேயே!

"அடுத்த தடவை சட்டையே இல்லாமப் பொறக்கும் பாருங்க," என்றார் பாய்.

*

அடுத்த தடவைக்கு வேறு கிடா வேண்டும். அப்பனை மகளோடு சேர்க்க முடியாது. அதோடு, இரவல் கொடுத்த பண்ணையின் குத்தகையும் முடிந்து, அவர்கள் ஆடுகளை எல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாவது கிடாவைத் தேடிப் பிடித்தவர் பாய்தான். லிம் சூ காங் பக்கம் ஒருவரிடம் இருந்தது. சுத்தமான முடி ஆடு, கலப்பே இல்லை என்று அவர் சொன்னாராம்.

முதல் கிடா அழகு என்றால் இது பேரழகு. கறுப்பு வயிறு மை பூசியது போல இருந்தது. முகத்துக் கோடுகள் இரண்டும் அளவெடுத்துத் தைத்தது போல. கம்பளி என்பதன் சுவடே இல்லை. தோலைத் தடவினால் கை வழுக்கியது.

நாத்தனார் அதன் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். "குளம்பு கொஞ்சம் மெத்துன்னு இருக்கு பாய். இந்த ஈரத்துல நிக்குமா?"

"அக்கா, மூஞ்சியப் பாருங்க. மாஷா அல்லா. குளம்ப யாரு பாக்கப்போறா?"

"ஆடு மூஞ்சியிலயா நடக்குது?"

ஆனாலும் பாயின் ஆசைக்கு நாத்தனார் விட்டுக்கொடுத்தார். அந்த வருஷம் முழுக்கப் பாய் ஒரு ராஜாவைப் பெற்றவர் போல நடந்துகொண்டார். கடைக்கு வருகிறவர்களிடம் கைபேசியை நீட்டிக் கிடாவின் படத்தைக் காட்டுவார். கல்யாணப் புடவைக்கு லேஸ் வாங்க வந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, இதே கறுப்பில் நாடா இருக்கிறதா என்று கேட்டாராம். அதை எங்களிடம் குறைந்தது பத்துத் தடவை சொன்னார்.

இரண்டாம் தலைமுறை பிறந்தது. முதல் குட்டி, கிடா. வழவழவென்று இருந்தது, கறுப்பு வயிறு. பாய் துள்ளினார். இரண்டாவதும் கிடாதான். வெறும் செம்மண் நிறம், ஒரு கோடுகூட இல்லை. பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து உறுதியாக நின்றதால் நாத்தனாருக்குப் பிடித்துப்போனது. மூன்றாவது ஒரு பெட்டை, அதுவும் வழவழப்பு. நான்காவது, அந்த வெள்ளை மூக்குக்காரி ஈன்றது.

அன்று நான் மருத்துவமனையில் இருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் காணொளி அழைப்பில் வந்தார். கைபேசியைத் திருப்பிக் குட்டியைக் காட்டினார்.

தலையிலிருந்து வால்வரை சுருட்டைக் கம்பளி. பஞ்சுப் பொதி.

"இது யாரு அண்ணி?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்தது.

"அதான் எனக்கும் தெரியல," என்றார் அவர்.

*

அடுத்த ஞாயிறு பெரிய சண்டை. பாய் வெள்ளை மூக்குக்காரியைக் குற்றம் சொன்னார். "அவ அம்மாதான் கம்பளி ஆடு. அந்த ரத்தம். எங்க கிடாமேல பழி போடாதீங்க." நாத்தனார் கிடாவைக் குற்றம் சொன்னார். "கலப்பே இல்லன்னு சொன்னானே ஒருத்தன், அவன் கிட்ட போய்க் கேளுங்க." இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பள்ளியில் படித்த பட்டாணிச் செடிப் பாடத்தை மனசுக்குள் துழாவிக்கொண்டிருந்தேன். நெட்டை, குட்டை, பச்சை, மஞ்சள் என்று ஏதோ ஞாபகம் வந்தது, முழுசாக வரவில்லை.

மூன்று நாள் அதைப் படித்தேன். புதன்கிழமை வேலை முடிந்ததும் நேராகப் பாயின் கடைக்குப் போனேன். நாத்தனாரையும் அங்கே வரச் சொல்லியிருந்தேன். வெளியே சாலை முழுக்கக் கூட்டம், பூக்கடையில் மல்லிகை வாசம், எதிர்க் கடையில் யாரோ பேரம் பேசும் சத்தம். கடைக்குள் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்று கேட்டேன்:

"பாய், கறுப்புப் பொத்தான் ஒரு கைப்பிடி, வெள்ளைப் பொத்தான் ஒரு கைப்பிடி குடுங்க."

கொடுத்தார். ஒவ்வொரு ஆட்டுக்குள்ளும் இரண்டு பொத்தான் என்று வைத்துக்கொள்வோம் என்றேன். கறுப்பு என்றால் முடி, வெள்ளை என்றால் கம்பளி. குட்டிக்கு அப்பன் ஒரு பொத்தான் தரும், அம்மா ஒரு பொத்தான் தரும். கறுப்பு ஒன்று இருந்தாலும் போதும், முடி ஜெயித்துவிடும். இரண்டுமே வெள்ளையாக இருந்தால்தான் முழுக் கம்பளி. நிஜத்தில் இவ்வளவு சுலபமில்லை, முடியின் நீளம், உதிர்வது எல்லாவற்றுக்கும் இன்னும் நிறையக் காரணங்கள் உண்டு. ஆனால் நம் சந்தேகத்துக்கு இது போதும் என்றேன்.

பழைய கம்பளி ஆடுகளுக்கு இரண்டு வெள்ளை வைத்தேன். முதல் கிடாவுக்கு இரண்டு கறுப்பு. அவற்றுக்குப் பிறந்த வெள்ளை மூக்குக்காரிக்கு ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை.

"இப்ப உங்க ராஜா," என்றேன். "சுத்தமான முடி ஆடுன்னா ரெண்டும் கறுப்பு. நீங்களே வைங்க பாய்."

பாய் இரண்டு கறுப்புப் பொத்தான்களை வைத்தார்.

"இப்ப இந்த ரெண்டு பேருக்கும் குட்டி. எப்படி வேணும்னாலும் மாத்தி வைங்க. ரெண்டு வெள்ளை வருதா?"

அவர் விரல் ராஜாவின் ஒரு கறுப்பைத் தள்ளிற்று. பெட்டையின் வெள்ளையோடு சேர்த்தது. முடி. இன்னொரு கறுப்பைத் தள்ளிற்று. மறுபடி முடி. பெட்டையின் கறுப்போடு வைத்துப் பார்த்தார். அதுவும் முடி. திரும்பத் திரும்ப மாற்றினார். ஒரு வாடிக்கையாளர் வந்து ஜிப் கேட்டார். பாயின் மனைவி அவரை ஒதுக்கிவிட்டு எடுத்துக் கொடுத்தார். பாயின் விரல் ஒரு கட்டத்தில் நின்றது. மெல்ல, ராஜாவின் ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெள்ளையை வைத்தார்.

"உள்ளுக்குள்ள ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கான்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு பக்கமும் குடுத்தாத்தான் இது வரும்."

நாத்தனார் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் சொல்ல நினைத்தது எனக்குத் தெரியும், பாய்க்கும் தெரியும்.

பாய்தான் அடுத்த கேள்வியையும் கேட்டார். "அப்ப அவன் பிள்ளைங்க? கறுப்பு வயித்துக்காரன், செம்மண்ணு, இவனுங்கள்ல யாருக்குள்ள வெள்ளை இருக்கு, யாருக்குள்ள இல்லன்னு எப்பிடித் தெரியும்?"

"பாத்தாத் தெரியாது," என்றேன். "ஆனா வழி இருக்கு." இரண்டு வெள்ளைப் பொத்தான்களை எடுத்து முன்னால் வைத்தேன். "நம்ம பழைய கம்பளி ஆடுங்க இன்னும் இருக்குல்ல? அதுங்க எப்பவும் வெள்ளைதான் குடுக்கும். அதோட சேத்தா, கிடாவுக்குள்ள வெள்ளை இருந்தா ஒருநாள் கம்பளிக் குட்டி வெளிய வந்துடும். காசு சுண்டுற மாதிரி. எல்லாமே முடிக் குட்டியா வந்தா, கிடா சுத்தம்."

நாத்தனார் மேசையைத் தட்டினார். பொத்தான்கள் குதித்துத் தரையில் சிதறின. "பண்ணிடலாம் லா!"

*

முதலில் கறுப்பு வயிற்றுக்காரனைச் சோதிக்க வேண்டும் என்று பாய் சொன்னார். சரி என்றோம். பழைய ஆடுகளில் ஒன்றோடு விட்டோம். ஐந்து மாதம் காத்திருந்தோம். பிறந்தது ஒரே குட்டி. தலையிலிருந்து வால்வரை சுருட்டை.

பாய் தேநீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அப்பனும் மகனும் ஒரே ரகசியத்தை வைத்திருந்திருக்கிறார்கள். அந்த வாரமே கால்நடை மருத்துவர் வந்து இருவருக்கும் காயடித்தார். அந்த ஞாயிறு மட்டும் பாய் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தவர், ராஜாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரி, அக்கா சொல்ற குட்டியப் பாப்போம்," என்றார்.

செம்மண் நிறத்துக் கிடாவை, பழைய ஆடுகளில் இன்னும் ஈனக்கூடிய மூன்றோடு விட்டோம். முதல் ஆடு இரட்டை ஈன்றது. நான் வந்து சேர்வதற்குள் காய்ந்திருந்தன. இரண்டும் படிந்த முடி. நாத்தனார் சமையல்கட்டிலிருந்து இனிப்பு எடுத்து வந்து என் வாயில் திணித்தார். இரண்டாவது ஆடு ஒன்று ஈன்றது. அதுவும் முடி. காசு மூன்று தடவை பூவாக விழுந்த மாதிரி. இன்னும் விழ வேண்டும். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை என்று சொன்னால், என் கணவர், "ஒரு ஆட்டுக்கா?" என்பார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் திரும்பியதும் அவர்தான் முதலில் கேட்பார்: "போட்டுடுச்சா?"

மூன்றாவது ஆடு, எல்லாவற்றிலும் வயதானது, ஒரு ஞாயிறு நண்பகலில் முனகத் தொடங்கியது. கொட்டிலின் மரத்தரையில் படுத்து, எழுந்து, மறுபடி படுத்தது. பனிக்குடம் உடைந்த பிறகும் குட்டி வரவில்லை. ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. மருத்துவரை அழைத்தோம், அவர் காத்தோங்கில் இருந்தார், கிராஞ்சி வந்து சேர நேரமாகும். தொலைபேசியிலேயே சொன்னார்: யாருக்குக் கை சின்னது, அவர்கள் உள்ளே விட்டுப் பாருங்கள்.

இருவரும் என் கையைப் பார்த்தார்கள்.

முழங்கைவரை கழுவி, கையுறை போட்டுக்கொண்டேன். அதை மட்டும் நான் தினமும் செய்கிறேன். அதற்குப் பிறகு செய்தது எதுவும் எனக்குத் தெரியாதது. உள்ளே சூடு, இறுக்கம். கண்ணை மூடிக்கொண்டேன். வாய்க்குள் பின்பல்லைத் தேடுவது போலத் தேடினேன். ஒரு கால். அதன் பக்கத்தில் மூக்கு. இன்னொரு கால் பின்னால் மடிந்து கிடந்தது. ஆடு முக்கும்போது என் மணிக்கட்டு நெரிந்தது. முக்கல் விட்ட இடைவெளியில் குட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மடிந்த காலின் குளம்பை உள்ளங்கையால் மூடி, முன்னால் கொண்டு வந்தேன்.

"வந்துடுச்சு! ரெண்டு காலும் வந்துடுச்சு!"

"இழு லா! அது முக்குறப்ப இழு!" என்று நாத்தனார் கத்தினார்.

வழுக்கிக்கொண்டு என் மடியில் விழுந்தது. மூச்சில்லை. பாய் அதைப் பிடுங்கி, மூக்கில் இருந்ததைத் துடைத்து, வைக்கோலால் மூக்குக்குள் கிச்சுக்கிச்சு மூட்டினார். தும்மியது. பாய், "அல்லாவே, அல்லாவே," என்று அதன் முகத்தை முத்தமிட்டார். அடுத்தது தானாகவே, தள்ளிவிட்ட மாதிரி வந்து விழுந்தது.

இப்போது இரண்டு குட்டிகள். கோழையில் ஊறி, மஞ்சளாக, உடம்போடு ஒட்டிக்கொண்டு. நனைந்த குட்டியில் முடியா கம்பளியா என்று யாராலும் சொல்ல முடியாது. தாய் நக்கத் தொடங்கினாள். ஆனால் களைப்பில் பாதியில் நிறுத்திவிட்டாள். துண்டால் தேய்த்தோம். ஈரம் போகவில்லை. பாய் பக்கத்தில் இருந்த குடிசைக்குள் ஓடி, நாத்தனார் தலைமுடி காயவைக்கும் கருவியை இழுத்துக்கொண்டு வந்தார். வயர் எட்டவில்லை. நாத்தனார் நீட்டுவயரைத் தேடினார். நான் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு குடிசை வாசலுக்கே போய்விட்டேன்.

மெல்லிய சூடான காற்று. முதுகின் நடுவிலிருந்து காயத் தொடங்கியது. மூன்று தலைகளும் அதன்மேல் குனிந்திருந்தன. சுருளுமா? ஒரு இடத்தில் முடி எழுந்து நின்றது. கைவிரலால் தடவினேன். படிந்தது. எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் காய்ந்தது. முதுகெலும்பு நெடுக நேராக, வாழைத்தண்டு நார் போலப் படிந்து கிடந்தது.

"முடி," என்றேன்.

"அடுத்தது! அடுத்தத கொண்டாங்க!"

அடுத்ததும் முடி.

நான் சத்தம் போட்டேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது. நாத்தனார் என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றியதும், என் சட்டையில் இருந்த ரத்தமெல்லாம் அவர் முகத்தில் ஒட்டியதும், பாய் காற்று வீசும் கருவியை அணைக்க மறந்து அதைக் கையில் வைத்துக்கொண்டே அழுததும்தான் தெரியும். மருத்துவர் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தாயையும் குட்டிகளையும் சோதித்துவிட்டு, "நல்லா செஞ்சிருக்கீங்க," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அன்று இரவு என் கணவரிடம் அதை எத்தனை முறை சொன்னேன் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

*

செம்மண் நிறத்துக் கிடாவின் தாயையும், அதே அப்பனுக்குப் பிறந்த பெட்டைகளையும், அவனுடைய மகள்களையும் பிரித்துக் கட்டிவிட்டு, மற்றப் பெட்டைகளோடு அவனை விட்டோம். அவன் அப்பனாக இருக்கும்வரை எந்த வயிற்றிலிருந்தும் இனி கம்பளி வெளியே வராது. மூன்றாம் தலைமுறை பிறந்தபோது நாங்கள் முடியைப் பற்றிப் பேசவேயில்லை. எல்லாம் வழவழவென்று வந்தன. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்: காது நீளம், நடை, கண்ணிமைக்குள் சிவப்பு சரியாக இருக்கிறதா, குடற்புழு தாக்கினால் யார் தாங்குகிறார்கள்.

ஆனால் ஒரு குட்டி எங்களை மறுபடி திகைக்க வைத்தது. கோடே இல்லாத அப்பன். அழுக்கு வெள்ளைத் தாய். குட்டிக்கோ வயிறு முழுக்கக் கறுப்பு, கண்ணுக்கு மேலே இரண்டு கோடுகள். பாய் அதைத் தூக்கிக்கொண்டு கொட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"தங்கச்சி, இது எப்பிடி? பொத்தான் வெச்சுச் சொல்லு!"

"கம்பளி மட்டுமா ஒளியும் பாய்? இதுவும் ரெண்டு பக்கத்துலயும் ஒளிஞ்சிட்டு இருந்திருக்கு," என்றேன்.

நாத்தனார் வந்து, வேறெதையும் பார்க்காமல், குட்டியின் காலைத் தூக்கிக் குளம்பை அழுத்திப் பார்த்தார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"கெட்டியாத்தான் இருக்கு," என்று ஒப்புக்கொண்டார்.

போன மாதம் லிம் சூ காங்கில் புதிதாகச் செம்மறி வளர்க்கத் தொடங்கிய ஓர் இளம் தம்பதி எங்கள் செம்மண் நிறத்துக் கிடாவை இரவல் கேட்டு வந்தார்கள். அவர்களுடையதும் கம்பளி ஆடுகள்தான். மழையில் நனைந்து நொந்துபோயிருந்தார்கள். நாத்தனார் சின்ன லாரியின் பின்புறத்தில் வைக்கோல் பரப்பினார். கிடா பயப்படாமல் இருக்க நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பாய் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மெதுவாக்கா, மெதுவா, அவன் நிக்கிறான்!" என்று கத்தினார். பேருந்தையே அத்தனை வருஷம் ஓட்டியவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார்.

சிவப்பு விளக்கில் நின்றோம். பக்கத்து வரிசையில் ஒரு பேருந்து. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தார்கள். ஒருவர் கைபேசியை எடுத்தார். கிடா கழுத்தை நீட்டி அவர்களை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டு, என் தோளில் தாடையை வைத்துக்கொண்டான். விளக்கு பச்சையானது. நான் அவன் கழுத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். நாத்தனார் வண்டியை எடுத்தார்.